விஸ்கி துப்பின கதை

இதை எழுதுவமோ விடுவமோ எண்டு ரெண்டு மாசமாய் யோசிச்சுக்கொண்டிருந்தனான். தங்கச்சியின்ரை பிள்ளையள் நான் எழுதுறதுகளை வாசிக்கிறவை. அதுகள் வாசிச்சிட்டு ஊரிலை அம்மாட்டைக் கொண்டுபோய் வைச்சால் எனக்குத்தான் வில்லங்கம். சரி, வாறது வரட்டும்.

நான் குடிக்கிறேல்லை. 2007இலை டப்ளினுக்கு வந்தனான். 2012இலை விசா கிடைச்ச நாளிலையிருந்து றெஸ்ரோறன்ற் குசினிதான் என்ரை உலகம். இந்த ஊரிலை, இந்தத் தொழிலிலை, நாப்பத்திநாலு வயசு ஆம்பிளை ஒருத்தன் குடிக்கிறேல்லை எண்டால் சனம் ரெண்டு விதமாய்த்தான் நினைக்கும். ஒண்டு, முந்திக் குடிச்சுக் கெட்டு இப்ப விட்டவன். இல்லாட்டி முஸ்லிம். ரெண்டும் இல்லை எண்டு விளங்கப்படுத்தி எனக்கு அலுத்துப்போச்சு. எங்கடை பாரிலை நிக்கிற கோர்க் பக்கத்து மனிசன் ஒராள் மட்டும் வேறை மாதிரிக் கேட்டார். "ஓ, நீ பயனியரோ?"

எனக்கு விளங்கேல்லை. பிறகுதான் சொன்னார். 1898இலை டப்ளினிலை ஜேம்ஸ் கலன் எண்ட யேசு சபைப் பாதிரியார் தொடங்கின மதுவிலக்குச் சங்கமாம். சாகும்வரை குடிக்கமாட்டன் எண்டு வாக்குக் குடுத்து, திரு இருதயப் படம் வைச்ச சின்னப் பின் ஒண்டை சட்டையிலை குத்திக்கொள்ளுவினம். அவற்றை தாய் அந்தப் பின்னோடைதான் பெட்டிக்குள்ளை போனவவாம். மகன் பார்மன். நான் சிரிச்சுப்போட்டு, நானும் பயனியர்தான், பின் மட்டும் இல்லை எண்டன். என்ரை வாக்குக் குடுத்தது செல்வச்சந்நிதி முருகன் வாசலிலை.

அதைச் சொல்லவேணும். அப்பாட்டை லொறி இருந்தது. பொருளாதாரத் தடை காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓடின லொறி. 96இலை அது எரிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் பின்னேரத்திலை தவறணையிலை ஒரு போத்தல் கள்ளோடை வீட்டை வந்து எங்களுக்குக் கதை சொல்லுற மனிசன். அதுக்குப் பிறகு கள்ளு காணாமல் போச்சு. கசிப்பு வந்தது. பாதை திறந்தவுடனை தெற்கிலையிருந்து சாராயம் வந்தது. 2003 தையிலை ஈரல் பழுதாகி மந்திகை ஆஸ்பத்திரியிலை முடிஞ்சுது. வயிறு மட்டும் பானை மாதிரி, மற்றதெல்லாம் எலும்பு. எட்டுச் செலவு முடிஞ்ச கையோடை அம்மா என்னைச் சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரத்துக்கு மேலை கையை வைக்கச் சொன்னா. "ஒரு சொட்டும் உன்ரை தொண்டைக்குள்ளாலை இறங்கக்கூடாது." நான் ஓம் எண்டன். தொண்டை எண்ட சொல்லைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ. பிறகு வரும்.

இஞ்சை வந்து அகதி விடுதியிலை அஞ்சு வருசம். வேலை செய்ய அனுமதி இல்லை, கிழமைக்கு 19 யூரோ 10 சதம். (அந்த வேலைத் தடையை 2017இலை உச்ச நீதிமன்றம் பிழை எண்டு சொல்லி 2018இலை மாத்தினவை. எனக்கு அது பிந்திப்போச்சு.) அந்த அஞ்சு வருசத்திலை எத்தினை பேர் குடிக்கப் பழகினவை எண்டு கண்ணாலை பாத்தனான். செய்ய ஒண்டும் இல்லாத மனிசனுக்கு மலிவான போத்தல் ஒரு வேலை மாதிரி. எனக்கும் ஆசை வராமல் இல்லை. கற்பூரச் சூடு உள்ளங்கையிலை இருந்தது, அவ்வளவுதான்.

சரி, விஸ்கிக்கு வருவம். போன வருசம் ரெண்டு மணிக்கட்டும் போச்சு. பன்னிரண்டு வருசம் சட்டி தூக்கினது, கோப்பை கழுவினது, வெங்காயம் வெட்டினது. டொக்ரர் பாரம் தூக்காதை எண்டிட்டார். குசினியிலை பாரம் தூக்காமல் என்ன செய்யிறது? மனேச்சர் பிள்ளை நல்ல பிள்ளை. "பாருக்கு வா, உனக்கு ஆக்களோடை கதைக்கத் தெரியும்" எண்டா. ஒரு நிபந்தனை. எங்கடை கடையிலை நாப்பது வகை ஐரிஷ் விஸ்கி வைச்சிருக்கினம். வாற ரூரிஸ்ற் ஆக்கள் இது என்ன, அது என்ன எண்டு கேப்பினம். ருசி தெரியாமல் நிக்கேலாது. ஒரு கிழமை தவணை தந்தா.

அந்த ஒரு கிழமை நான் நித்திரை கொண்டது குறைவு. வேலை போனால் ஊருக்கு அனுப்புற காசு நிண்டுபோம். பாருக்குப் போனால் வாக்குப் போம். கடைசியிலை கோர்க் மனிசனிட்டை அப்பாவின்ரை கதையைச் சொன்னன். அவர் கொஞ்ச நேரம் கிளாஸைத் துடைச்சுக்கொண்டு நிண்டிட்டு, "துப்பு" எண்டார். "விஸ்கி ருசி பாக்கிறதே தொழிலாய் இருக்கிறவன் எல்லாம் துப்புறவன்தான். விழுங்கினால் பத்தாவது கிளாஸிலை அவனுக்கு ஒண்டும் தெரியாது."

தொண்டையாலை இறங்கக்கூடாது எண்டுதானே வாக்கு. நாக்கைப் பற்றி அம்மா ஒண்டும் சொல்லேல்லை.

கடை பூட்டின ஒரு திங்கட்கிழமை மத்தியானம். மேசையிலை இடுப்பு ஒடுங்கின அஞ்சு சின்னக் கிளாஸ், ஒரு யக்கிலை தண்ணி, துப்புறதுக்கு ஒரு வாளி. வாளியைப் பாத்தவுடனை பல்லுக்குப் போன ஞாபகம். மூக்கை உள்ளை விட்டு இழுக்காதை, வாயைக் கொஞ்சம் திறந்து வைச்சுக்கொண்டு மெல்ல மண எண்டார். இது முக்கியம். வாயை மூடிக்கொண்டு மணந்தால் ஸ்பிறிற் மூக்கைச் சுடும், வேறை ஒண்டும் தெரியாது.

முதல் கிளாஸ் எல்லாருக்கும் தெரிஞ்ச ஜேமிசன். இது கலவை. செம்புப் பானையிலை வடிச்சதையும் கோபுர வடிகலனிலை வடிச்ச தானிய விஸ்கியையும் கலக்கிறது. மெல்லிய இனிப்பு, வனிலா, கொஞ்சம் பச்சைப் புல்லு. குறை சொல்ல ஒண்டும் இல்லை, நினைச்சுக்கொண்டு படுக்கவும் ஒண்டும் இல்லை. துப்பினன்.

அடுத்தது தனித் தானிய விஸ்கி, ரீலிங் கொம்பனியின்ரை. சிவப்பு வைன் இருந்த பீப்பாவிலை ஊறினதாலை ஒரு பழப்புளிப்பு. ருசியை விட எனக்கு இதின்ரை கதைதான் பிடிச்சுது. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை விஞ்ஞானபீடம். மூண்டாம் வருசத்திலை, 2006 ஆவணியிலை A9 பூட்டின பிறகு நிலைமை கெட்டு, பட்டம் முடிக்காமல் வெளிக்கிட்டவன். இரசாயன ஆய்வுகூடத்திலை பகுதிபடக் காய்ச்சி வடிக்கிறது எனக்கு விருப்பமான பாடம். நான் கண்ணாடிக் குழாயிலை செய்த அதே வேலையைத்தான் 1830இலை ஏனியஸ் கோஃபி எண்ட டப்ளின்காரன் காப்புரிமை எடுத்த கோபுர வடிகலன் பெரிசாய்ச் செய்யுது. மேலாலை சரக்கு இறங்க, கீழாலை நீராவி ஏற, நிப்பாட்டாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். பகிடி என்னெண்டால் கோஃபி மதுவரி அதிகாரி. கள்ளச் சாராயம் பிடிக்கப் போய், 1810இலை டொனிகோல் பக்கத்திலை காய்ச்சிற சனம் மண்டையை உடைச்சு, துப்பாக்கிக் கத்தியாலை குத்தி, சாகாமல் தப்பின மனிசன். எங்கடை ஊரிலையும் கசிப்புப் பிடிக்கப் போன பொலிஸுக்கு விழுந்த அடியள் ஞாபகம் வந்தது. டப்ளினின்ரை பெரிய விஸ்கி முதலாளிமார் அவன்ரை வடிகலனிலை வாறது விஸ்கியே இல்லை எண்டு ஒதுக்கிப்போட்டினம். ஸ்கொட்லாந்துக்காரன் வாங்கினான், கலவை விஸ்கி செய்தான், உலகத்தைப் பிடிச்சான். எங்கடை சாமத்தியவீடுகளிலை மேசைக்கு மேசை நிக்கிற பிளாக் லேபலுக்கு வழி வெட்டினது ஒரு ஐரிஷ்காரன்ரை கண்டுபிடிப்பு. இலங்கையிலை தென்னஞ்சாராயம் வடிக்கிறதிலையும் இந்த மாதிரி வடிகலன் இருக்கு.

பிளாக் லேபல் எண்டதும் ஒண்டு சொல்லவேணும். எங்கடை ஆக்கள் அதைக் குடிக்கிற முறையைப் பாத்தால் அந்தக் கோபுரமே இடிஞ்சு விழும். பன்னிரண்டு வருசம் பீப்பாவிலை கிடந்ததை அரைக் கிளாஸ் கோலா விட்டு, மடக்கெண்டு இறக்கி, பொரிச்ச இறைச்சியை வாயிலை போடுறது. ருசிக்கோ குடிக்கினம்? லேபலைக் குடிக்கினம். அப்பா குடிச்ச கசிப்புக்கும் இதுக்கும் விலையிலைதான் வித்தியாசம். கோவிக்கிறவை கோவியுங்கோ.

மூண்டாவது கிளாஸ்தான் என்னை இருத்திப்போட்டுது. றெட்பிறெஸ்ட், பன்னிரண்டு வருசம், தனிப் பானை விஸ்கி. இது அயர்லாந்துக்கே சொந்தமான வகை. முளைக்க வைச்ச பார்லியையும் முளைக்காத பச்சைப் பார்லியையும் ஒண்டாய்ப் போட்டு செம்புப் பானையிலை வடிக்கிறது. இப்ப உள்ள சட்டப்படி ரெண்டும் குறைஞ்சது 30 வீதம் இருக்கவேணும். ஏன் பச்சைப் பார்லி? முளைக்க வைச்ச பார்லிக்கு வெள்ளைக்காரன் வரி போட்டவன், வரியைத் தப்பச் சனம் பச்சையைக் கலந்தது எண்டு சொல்லுவினம். வரிக்கு ஒளிச்சுச் செய்தது கடைசியிலை ருசியாய்ப் போச்சு. பச்சைப் பார்லி வாயிலை ஒரு எண்ணெய்த்தன்மை குடுக்கும், நாக்கிலை ஒட்டும். மணந்தன். கராம்பு, கறுவா, முந்திரிகை வத்தல், ஊறின நத்தார்க் கேக். ஷெரி வைன் இருந்த பீப்பாவின்ரை வேலை அந்த வத்தல் மணம். வாயிலை வைச்சால் முதலிலை இனிப்பு, பிறகு மிளகு மாதிரி ஒரு உறைப்பு, பிறகு கனநேரம் போகாத ஒரு சூடு. துப்பின பிறகும் ஒரு நிமிசம் நிண்டுது. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு இன்னொருக்கா மணக்கச் சொன்னார். பூட்டியிருந்த அறைக் கதவைத் திறந்தது மாதிரி, அப்பிள் மணம் ஒண்டு புதிசாய் வந்தது. எனக்கு அந்த நேரம் விளங்கின ஒரு விசயம், அப்பா இப்பிடி ஒண்டை வாழ்க்கையிலை மணந்திருக்கமாட்டார். அவருக்கு வாய்ச்சது மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கவேண்டின சாமான்.

இந்த வகை அழிஞ்சே போயிருக்கவேண்டியது. அமெரிக்க மதுவிலக்கு, 1930களிலை பிரித்தானியாவோடை வந்த வர்த்தகச் சண்டை எண்டு சந்தையள் போய், கொம்பனியள் ஒண்டொண்டாய்ப் பூட்டுப்பட்டு, 1966இலை மிச்சம் இருந்த ஜேமிசன், பவர்ஸ், கோர்க் வடிசாலையள் எல்லாம் ஒண்டாய்ச் சேந்தது. 1975இலை எல்லா வேலையும் கோர்க்கிலை மிடில்ரன் எண்ட ஒரே இடத்துக்குப் போச்சு. முழுத் தீவிலையும் ரெண்டே ரெண்டு வடிசாலைதான் ஓடினது, மிடில்ரனும் வடக்கிலை புஷ்மில்ஸும். இதைச் சொல்லேக்கை கோர்க் மனிசன் நெஞ்சை நிமித்தினார், தன்ரை ஊர்தான் காப்பாத்தினது எண்டு. 2015இலை டப்ளின் லிபேர்ட்டீஸ் பகுதியிலை ரீலிங் வடிசாலை திறந்தது. நகரத்திலை 125 வருசத்துக்கு மேலாய்ப் புதிசாய் ஒண்டும் திறக்கேல்லையாம்.

நாலாவது புஷ்மில்ஸ் பத்து வருசம், தனி மோல்ற். முளைக்க வைச்ச பார்லி மட்டும், மூண்டு தரம் வடிச்சது. தேன், பழுத்த பேரிக்காய். நல்ல பிள்ளை மாதிரி ஒரு விஸ்கி. றெட்பிறெஸ்டுக்குப் பிறகு வந்ததாலை பாவம் எடுபடேல்லை. முதல் தரம் ருசி பாக்கிற ஆருக்கும் இதை முதலிலை குடுக்கவேணும் எண்டு குறிச்சு வைச்சன்.

கடைசிக் கிளாஸுக்கு முன்னம் அவர் எழும்பி வெளியிலை சிகரெட் பத்தப் போனார். நானும் போனன். லிபேர்ட்டீஸ் எங்கடை கடையிலையிருந்து கிட்ட. அந்தப் பக்கம் கையைக் காட்டி 1875இலை நடந்த ஒண்டைச் சொன்னார். ஆனி மாசம் 18ஆம் திகதி இரவு களஞ்சியம் ஒண்டு தீப்பிடிச்சு, ஆயிரக்கணக்கான பீப்பா வெடிச்சு, எரிஞ்சபடியே விஸ்கி றோட்டாலை ஆறாய் ஓடினதாம். சனம் தொப்பியிலையும் சப்பாத்திலையும் அள்ளிக் குடிச்சது. பதின்மூண்டு பேர் செத்தினம். நெருப்பாலை ஒருத்தரும் இல்லை, புகையாலையும் இல்லை. பதின்மூண்டு பேரும் குடிச்சுச் செத்தவை. நீர் கலக்காமல், தண்ணி மாதிரி, றோட்டிலை குந்தியிருந்து. அவர் அதைப் பகிடியாய்த்தான் சொல்லத் தொடங்கினவர். என்ரை முகத்தைப் பாத்திட்டு நிப்பாட்டிப்போட்டார். ஐரிஷ் மொழியிலை விஸ்கிக்கு உள்ள பேர் உஷ்க பஹா. உயிர்த்தண்ணி எண்டு அர்த்தம்.

உள்ளை வந்தம். அஞ்சாவது கிளாஸ் கொனமாரா.

ஐரிஷ் விஸ்கியிலை புகைமணம் இருக்காது, அது ஸ்கொட்லாந்துக்காரன்ரை எண்டு பொதுவாய்ச் சொல்லுவினம். இது விதிவிலக்கு. சதுப்பு நிலத்திலை வெட்டிக் காயவைச்ச கறுத்த மண்கட்டியை எரிச்சு, அந்தப் புகையிலை பார்லியைக் காயவைக்கிறது. அந்த மண்கட்டியை இஞ்சை வீடுகளிலை விறகு மாதிரி எரிக்கிறவை. 1987இலை ஜோன் ரீலிங் எண்டவர் கூலி எண்ட இடத்திலை, உருளைக்கிழங்கிலையிருந்து ஸ்பிறிற் செய்த பழைய அரசாங்க ஆலை ஒண்டை வாங்கித் தொடங்கின வடிசாலையிலை பிறந்தது இது. உள்ளதையெல்லாம் ஒரே கொம்பனி வைச்சிருந்த காலத்திலை, அவன் செய்யாததைச் செய்வம் எண்டு செய்தது.

கிளாஸைத் தூக்கினன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுவர முன்னமே வந்திட்டுது.

சுட்ட பனம்பழம்.

அதேதான். ஆவணி புரட்டாதியிலை விடிய எழும்பிப் பொறுக்கிக்கொண்டு வந்து, அடுப்புத் தணலுக்குள்ளை போட்டு, தோல் கருகி வெடிச்சு, உள்ளையிருந்து மஞ்சள் களி பொங்கி வரேக்கை ஒரு மணம் வருமே, புகையும் இனிப்புமாய், கொஞ்சம் கசப்பாய். சீவினால் கையெல்லாம் தும்பு. பதினெட்டு வருசம் இந்த ஊரிலை எத்தினை தமிழ்க்கடை, எத்தினை பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு வாங்கியிருப்பன். அந்த மணம் மட்டும் எந்தக் கடையிலையும் வாங்கேலாது. ஆரோ ஒரு வெள்ளைக்காரன் மண்ணை எரிச்சுப் பார்லியிலை ஏத்தி வைச்சிருக்கிறான்.

வாயிலை வைச்சன். வாளி காலடியிலை இருந்தது. நான் துப்பேல்லை.

தெரிஞ்சுதான் விழுங்கினனான். தவறி எண்டு பொய் சொல்ல விருப்பமில்லை. நெஞ்சு வரைக்கும் ஒரு கோடு இழுத்தமாதிரி இறங்கினது. கோர்க் மனிசன் பாத்தார், ஒண்டும் கேக்கேல்லை. யக்கைத் தள்ளி வைச்சார். நான் தண்ணி குடிச்சிட்டு, மிச்சத்தை வாளிக்குள்ளை ஊத்தினன்.

அண்டைக்கு இரவு அம்மாவுக்கு அடிச்சன். வேலை மாறினதை எப்பிடியும் சொல்லத்தான் வேணும்.

"பாரிலையோ? அதென்ன, தவறணையோ?"

"சாப்பாட்டுக் கடைதானம்மா. ஒரு பக்கத்திலை குடிவகையும் விக்கிறது."

சத்தமில்லை. நான் கட கடவெண்டு சொல்லி முடிச்சன். கை நோ, டொக்ரர், ருசி தெரியாமல் விக்கேலாது, வாயிலை வைச்சுத் துப்புறது, எல்லாரும் அப்பிடித்தான்.

"துப்பினனியோ?"

"ஓமம்மா."

கொஞ்சம் பொறுத்து, "அது என்ன ருசி மோனை?" எண்டா. நான் எதிர்பாக்கேல்லை. "இருவத்தஞ்சு வருசம் அந்த மனிசனோடை இருந்தன். சண்டை பிடிச்சன், போத்தலை உடைச்சன், கிணத்துக்கை எறிஞ்சன். அதுக்கை என்னதான் இருக்கெண்டு ஒருநாளும் கேக்கேல்லை."

அப்பா குடிச்சது வேறை, இது வேறை எண்டு சொல்ல வாய் வந்தது. சொல்லேல்லை. "ஒண்டு சுட்ட பனம்பழம் மாதிரி இருந்தது" எண்டன்.

"பனம்பழமோ." அம்மாவின்ரை குரல் மாறிச்சுது. "கொப்பருக்கு அது எண்டால் உயிர். லொறியிலை போட்டு வரேக்கை சாக்கிலை போட்டுக்கொண்டு வருவார். தோல் கருகும் வரைக்கும் அடுப்படியிலை குந்திக்கொண்டிருப்பார், சின்னப்பிள்ளை மாதிரி. உனக்குத் தும்பு சிக்கும் எண்டு தான் சூப்பிப் பாத்துத்தான் தாறவர்."

எனக்கு அது ஞாபகம் இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

பிறகு கேட்டா, "துப்பினால் உவ்வளவு ருசி தெரியுமோ?"

"தெரியுமம்மா."

"ம்" எண்டா. உலை கொதிக்குது எண்டு வைச்சிட்டா.

இப்ப மூண்டு மாசமாய் பாரிலை நிக்கிறன். ஒரு அளவு 35.5 மில்லிலீற்றர், கண்ணைக் கட்டிப்போட்டாலும் ஊத்துவன். பரிசாரகர் எல்லாம் என்னைத்தான் கேக்கினம், எந்தச் சாப்பாட்டுக்கு எது எண்டு. ஆட்டிறைச்சிக்கு பவர்ஸ் ஜோன்ஸ் லேன், சொக்லேற்றுக்கு றெட்பிறெஸ்ட், புகை போட்ட சாமன் மீனுக்குக் கொனமாரா. ஆரும் கோலா கேட்டால் ஜேமிசனுக்கு மட்டும் குடுக்கிறன், மற்றதுகளுக்கு முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லுவன். மனேச்சருக்குத் தெரியாது. புதுப் போத்தல் வந்தால் வாளி வைச்சுத் துப்பித்தான் பாக்கிறன். கொனமாராவை மணக்கிறதோடை சரி.

போன வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தவ. இந்த முறை பனம்பழம் குறைவாம், பனையளைத் தறிச்சுப்போட்டாங்களாம். விஸ்கி பற்றி ஒண்டும் கேக்கேல்லை. மருமக்களே, அம்மம்மாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ.